கண்ணுக்குத் தெரியாத பகை – 7: பச்சை படிந்த துணி

தூளி மலையிறங்கிக்கொண்டிருந்த இடத்தில் சென்ற வாரம் நிறுத்தினோம். 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கும் வழியில் காய்ந்த புல்லில் பற்றிய தீ, மலையேற்றம் வந்தவர்களை வளைத்துவிட்டது. ஊர்க்காரர்களும் எஸ்டேட் தொழிலாளர்களும் கம்பில் போர்வையைக் கட்டி, வெந்த உடம்புகளைச் சரிவில் சுமந்தார்கள். பகலில் வெறுங்கையோடு இறங்கினாலே முழங்கால் நடுங்குகிற சரிவு அது. கீழே ஆம்புலன்ஸ். பிறகு போடி அரசு மருத்துவமனை, தேனி, மதுரை.

மறுநாள் அரசு சொன்ன சாவுக் கணக்கு 9. வாரங்கள் போகப்போக அது 23 ஆயிற்று.

மலையைவிட்டு உயிரோடு இறங்கியவர் வார்டில் ஏன் சாகிறார்? ‘சிகிச்சை பலனின்றி’ என்று செய்தி முடித்துவிடும். நமக்கு அது போதாது.

பெரிய தீக்காயம் இரண்டு தடவை கொல்லப் பார்க்கும். முதல் 48 மணி நேரத்தில் வெந்த இடத்தின் வழியே உடம்பின் நீர் வடிந்து ரத்த ஓட்டம் சரியும். அதற்கு நரம்பில் திரவம் ஏற்றுவார்கள். அதற்கொரு கணக்கு உண்டு: எடையில் ஒரு கிலோவுக்கு, வெந்த பரப்பில் ஒரு சதவீதத்துக்கு, 4 மில்லி. 60 கிலோ ஆளுக்கு 40 சதவீதம் வெந்திருந்தால் முதல் 24 மணி நேரத்துக்கு 9,600 மில்லி. அதில் பாதி முதல் 8 மணி நேரத்துக்குள் ஏற வேண்டும். அந்த 8 மணி நேரத்தை ஆஸ்பத்திரி வாசலிலிருந்து எண்ணக்கூடாது, தீப்பட்ட நிமிஷத்திலிருந்து எண்ண வேண்டும். குரங்கணிச் சரிவில் தூளி ஊர்ந்த நேரமெல்லாம் இந்தக் கணக்கில் கழிந்த நேரம்தான்.

இதைத் தாண்டியவருக்கு இரண்டாவது எதிரி காத்திருக்கும். சூட்டில் தோலோடு கிருமிகளும் வெந்துபோவதால் புண் முதலில் ஏறக்குறையச் சுத்தமாகவே இருக்கும். மயிர்க்கால்களின் அடியில் தப்பியவை ஓரிரு நாளில் மேலே வரும். ஒரு வாரத்துக்குள் வெளியிலிருந்து வந்தவையும் குடியேறிவிடும். செத்த தோலுக்கு ரத்தம் போகாது. ரத்தத்தோடு போகிற ஊசி மருந்தும் அங்கே எட்டாது. அதனால் வெள்ளி கலந்த வெண்களிம்பைப் புண்ணின் மேலேயே பூசுகிறார்கள். பூசுவதற்கு முன் பழைய துணியை எடுத்தாக வேண்டும். டாக்டர் எழுதிவிட்டுப் போய்விடுவார். இந்த வேலை சிஸ்டருடையது.

அதை ஒருமுறை அருகில் நின்று பாருங்கள். டிரெஸ்ஸிங் தொடங்குமுன் வார்டில் பெருக்குவதும் படுக்கை உதறுவதும் நின்றிருக்கும். தூசி அடங்க வேண்டும். வாட்ச், வளையல் கழற்றி முழங்கைவரை கழுவிய கை. ஆட்டோகிளேவில் வெந்து வந்த டிரம்மிலிருந்து காஸ் துணியை இடுக்கியால்தான் எடுப்பார்கள். புண்ணில் ஒட்டிய பழைய துணியைச் சலைன் விட்டு ஊறவைத்து, ஓரத்திலிருந்து மெல்ல உரிக்க வேண்டும். நோயாளி அலறுவார். “இன்னும் கொஞ்சம்தாம்மா” என்று சொல்லிக்கொண்டே கை நடுங்காமல் உரிப்பவர்தான் சிஸ்டர். முதலில் சுத்தமான புண், கடைசியில் சீழ்ப் புண். ஒவ்வொரு கட்டிலுக்கும் புதுக் கையுறை; மறுபடி கழுவல். பார்க்க வருகிறவர் மந்திரியானாலும் மாமனானாலும் வாசலோடு நிறுத்தவும் இவருக்குத் தைரியம் வேண்டும். என்னைக் கேட்டால் பாதி வைத்தியம் அதுதான்.

இந்த ஒழுங்கெல்லாம் சும்மா வந்துவிடவில்லை. 1935இல் கிளாஸ்கோவில் ராபர்ட் க்ரூக்‌ஷாங்க் தீக்காயங்களைச் சோதித்து ஒன்று கண்டார். ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று இல்லாத ஸ்ட்ரெப்டோகாக்கஸ், படுத்திருந்த நாட்களில் வந்து சேர்ந்தது. தீயிலிருந்து காப்பாற்ற இடம் தந்த வார்டே கிருமியையும் தந்திருக்கிறது! பிரசவக் காய்ச்சலில் சல்ஃபா மருந்தைச் சோதித்துப் பெயர் வாங்கிய லெனார்ட் கோல்புரூக் இந்த வழக்கைக் கையில் எடுத்தார். அவர் அமைத்த பர்மிங்காம் தீக்காயப் பிரிவில் வடிகட்டிய காற்றை உள்ளே செலுத்திய தனி அறையில்தான் கட்டுப் பிரித்தார்கள். கிருமி குறைந்தது. பென்சிலினும் வந்த பிறகு ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அடங்கியது.

ஆனால் இன்னொன்று அடங்கவில்லை. கட்டைப் பிரித்தால் துணியில் நீலப் பச்சைக் கறை, திராட்சை போன்ற ஓர் இனிப்பு வாடை: சூடோமோனாஸ். பென்சிலினை அது மதிக்கவே இல்லை. ஆய்வுக்கூடம் சொல்வதற்கு முன்பே அதை வாடையில் கண்டுகொள்ளும் சிஸ்டர்கள் இன்றும் உண்டு.

1949இல் பர்மிங்காமுக்கு வந்து சேர்ந்தார் எட்வர்ட் லோபரி. கிருமியியலாளர், கவிஞரும்கூட. காற்றை வடிகட்டுகிறார்கள், கையைக் கழுவுகிறார்கள், துணியை ஆவியில் வேகவைக்கிறார்கள். பிறகும் பச்சைக் கறை எங்கிருந்து வருகிறது? சந்தேகப்பட வேண்டியவற்றில் யாருமே சந்தேகப்படாத ஒன்று மிச்சமிருந்தது: புண்ணைத் துடைக்க வைத்திருந்த கிருமிநாசினி பாட்டில். அதற்குள் இருந்ததையே எடுத்து வளர்ப்புத் தட்டில் இட்டார்கள். தட்டில்...

(அடுத்த வாரம்: கார்க்குக்குள் ஒளிந்தவன்)