திகார் மதிலில் நம் பட்டாலியன்

2024 ஆடிக் கிருத்திகையன்று மலைமந்திர் படிகளில் இறங்கிக்கொண்டிருந்தேன். ஒட்ட வெட்டிய தலைமுடியோடு நாலைந்து இளைஞர்கள் தமிழில் பேசியபடி ஏறி வந்தார்கள். "எந்த ஊர் தம்பி?" என்றேன். "தென்காசிப் பக்கம் சார். திகார் டூட்டி" என்றான் ஒருவன். போலீஸில் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகிறதாம். இன்னும் ஒரு ஸ்டேஷன் வாசலைக்கூட மிதிக்கவில்லையாம். "எங்க அம்மை எல்லார்ட்டயும் மகன் போலீஸுன்னு சொல்லுதா. எந்த ஸ்டேஷன்னு கேட்டா முழிக்கா" என்று சிரித்தான்.

அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்குத்தான் பழைய சட்டப் புத்தகங்களைப் புரட்ட வேண்டியதாயிற்று.

போலீஸ்காரர் எந்நேரமும் பணியில் இருப்பவராகவே கருதப்படுவார், எங்கு வேண்டுமானாலும் அனுப்பப்படலாம் என்கிறது 1861 போலீஸ் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. அந்த 'எங்கு வேண்டுமானாலும்' அப்போது ஒரு மாகாண எல்லைக்குள்தான். 1888-ல் வந்த இன்னொரு சட்டம் ஒரு மாகாணப் போலீஸ் வேறு மாகாணத்திலும் வேலை பார்க்க வழி செய்தது. தென்காசிப் பிள்ளை தில்லியில் பாரா நிற்பதற்கு விதை அங்கே இருக்கிறது.

பட்டாலியன் என்ற அமைப்புக்கும் ஒரு முன்கதை உண்டு. 1921 மாப்பிள்ளைக் கிளர்ச்சியின்போது சென்னை மாகாண அரசு மலப்புரத்தில் மலபார் ஸ்பெஷல் போலீஸ் படையை அமைத்தது. ஸ்டேஷனோடு ஒட்டாமல், முகாமில் தங்கி, கூப்பிட்ட இடத்துக்குப் போகும் படை அது. 1956 மொழிவாரிப் பிரிவினையில் மலபார் கேரளத்துக்குப் போனது. நம் பக்கம் அந்த மரபு தமிழ்நாடு சிறப்புக் காவல் படையாக நின்றது.

புதிதாகச் சேரும் ஆண்களில் பலர் முதலில் போய் விழுவது இதில்தான். 2020 அறிவிப்பையே பாருங்கள். இரண்டாம் நிலைக் காவலர் பணியில் ஆண்களுக்கு மாவட்ட, மாநகர ஆயுதப்படையில் 685 இடம். சிறப்புக் காவல் படையில் 6,545 இடம். பத்தில் ஒன்பது பேர் பட்டாலியன்! பெண்களுக்கான 3,099 இடங்களோ (திருநங்கையரும் அதில் அடக்கம்) ஆயுதப்படையில் மட்டுமே. பட்டாலியனுக்குப் போனவர் பணிமூப்பு வரிசையில் காத்திருந்து ஆயுதப்படைக்கு வரவேண்டும். அதற்கப்புறம்தான் 'தாலுகா' என்று அவர்கள் சொல்லும் ஸ்டேஷன் வேலை. தேர்வில் சில மதிப்பெண் முன்பின் ஆனதற்கு, ஒரு வாலிபம் முகாமில் கழிகிறது. 2006-ல் உச்ச நீதிமன்றம் பிரகாஷ் சிங் வழக்கில், ஸ்டேஷன் பொறுப்பதிகாரி, எஸ்.பி. போன்றோருக்கு ஓரிடத்தில் குறைந்தது இரண்டு வருஷம் என்று காப்புக் கொடுத்தது. காவலருக்கு அப்படி ஒன்றும் சொல்லப்படவில்லை.

சரி, திகாருக்கு எப்படி வந்தார்கள்? 1986 மார்ச் 16 அன்று சார்லஸ் சோப்ராஜ், பிறந்த நாள் என்று மயக்க மருந்து கலந்த இனிப்பைக் காவலர்களுக்குக் கொடுத்துவிட்டு வெளியே நடந்தான். அதன் பிறகு மதில் காவலுக்கும் சோதனைக்கும் நம் படை வந்தது. எட்டாவது பட்டாலியனின் ஊரே புது தில்லி ஆயிற்று. நம்மவர்களுக்கு ஹிந்தி தெரியாது, கைதிகள் பேசி மயக்க முடியாது என்பதே காரணம் என்று தில்லியில் சொல்வார்கள். 1965-ல் ஹிந்தி வேண்டாமென்று போராடிய மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாததே தகுதியாகிவிட்டது, பாருங்கள்.

பெருமை மட்டும் பேசினால் வரலாறு ஆகாது. 2023 மே 2 அன்று திகாரில் ஒரு கைதியை மற்றக் கைதிகள் குத்திக் கொன்றார்கள். நம் படையினர் அருகிலிருந்தும் தடுக்காதது கேமராவில் பதிவானது. ஏழு பேர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டுத் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். அந்த வாரம் கடைத்தெருவில் என்னிடமே "உங்க ஊர் போலீஸா?" என்று கேட்டார்கள், பதில் சொல்ல நா எழவில்லை.

தரிசனம் முடிந்து வந்த தம்பியிடம், "அப்போ இங்கேதான் இருந்தியா?" என்றேன். "இல்ல சார், அப்புறம்தான் வந்தேன்" என்றான். ஊருக்குப் போக ரெண்டு நாள், வர ரெண்டு நாள். லீவில் பாதியை ரயிலே தின்றுவிடுகிறதாம். "ஏ.ஆர். லிஸ்ட்ல பேரு வரட்டும் சார், அப்புறம் பாருங்க" என்று சொல்லிவிட்டு, ஜனக்புரி போகும் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டான்.