பெட்ரோல் பங்க் படம் போட்ட புத்தகத்துக்கு இவ்வளவு மவுசா? போட்டோ புத்தக சேகரிப்பின் பின்னணி என்ன?

மலை கிடையாது, அருவி கிடையாது. பெட்ரோல் பங்க், பார்க்கிங், வரிசையாக முளைத்த புது வீடுகள், ஜன்னலே இல்லாத தொழிற்கூடச் சுவர்கள். இப்படி மனிதன் மாற்றிய நிலத்தை மட்டும் காட்டும் போட்டோ புத்தகங்களைத் தேடித் தேடி வாங்க உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. அப்படி என்னதான் இருக்கு இதில்?

எப்போது தொடங்கியது?

1963-ல் அமெரிக்க ஓவியர் எட் ரூஷே, 'ட்வென்டிசிக்ஸ் கேசலின் ஸ்டேஷன்ஸ்' என்ற சின்ன புத்தகத்தைத் தானே வெளியிட்டார். உள்ளே 26 பெட்ரோல் பங்குகளின் படங்கள், அவ்வளவுதான். அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் புத்தகத்தை ஏற்க மறுத்தது. ரூஷே அசரவில்லை, 'நிராகரிக்கப்பட்டது' என்பதையே விளம்பரமாகப் போட்டுவிட்டார். அன்று சில டாலருக்கு விற்ற முதல் பதிப்பின் விலை, இன்று ரூபாயில் லட்சங்களைத் தொடுகிறது.

திருப்புமுனை எது?

1975-ல் நியூயார்க் மாகாணத்தின் ரோசெஸ்டர் நகரில், ஜார்ஜ் ஈஸ்ட்மேன் ஹவுஸ் அருங்காட்சியகத்தில் 'நியூ டோபோகிராஃபிக்ஸ்' கண்காட்சி நடந்தது. ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ், ஜெர்மனியின் பெர்ண்ட் - ஹில்லா பெக்கர் தம்பதி உட்பட 10 பேர் பங்கேற்றனர். இவர்களில் கலரில் எடுத்தவர் ஸ்டீபன் ஷோர் மட்டும்தான். அழகுபடுத்தாமல், உள்ளதை உள்ளபடி காட்டியதுதான் இவர்களின் பாணி.

மதிப்பு ஏன் கூடுகிறது?

முதல் காரணம், அச்சிட்ட பிரதிகள் குறைவு. இரண்டாவது, படங்களின் வரிசையையும் சேர்த்துத்தான் படைப்பு. ஒரு படத்தைச் சுவரில் மாட்டினால் அந்த அனுபவம் கிடைக்காது. மூன்றாவது, படத்தில் உள்ள இடங்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆடம்ஸின் 'தி நியூ வெஸ்ட்' (1974), கொலராடோவில் வெட்டவெளி வீட்டு மனைகளாக மாறிய காலத்தின் சாட்சி.

ஏமாறாமல் வாங்குவது எப்படி?

ரூஷே புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். 1963-ல் 400, 1967-ல் 500, 1969-ல் 3,000 என மூன்று பதிப்புகள் வந்தன. பார்க்க கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் பிரதி எண் இடப்பட்டது முதல் பதிப்பில்தான். இதைக் கவனிக்காவிட்டால், மூன்றாம் பதிப்பை முதல் பதிப்பு விலைக்கு வாங்கும் ஆபத்து உண்டு.

எனவே அட்டையை மட்டும் பார்த்து பணம் கட்டாதீர்கள். பதிப்பு விவரம் உள்ள பக்கத்தின் போட்டோவைக் கேளுங்கள். மேலுறை இருக்கிறதா, கிழிந்ததா, பக்கம் விடுபட்டதா எனப் பாருங்கள். மேலுறை இல்லாவிட்டால் விலை பெரிதும் குறையும்.

பட்ஜெட் குறைவா?

மறுபதிப்பே போதும். 'தி நியூ வெஸ்ட்' புத்தகத்தை பிற்பாடு அபெர்ச்சர், ஸ்டைடல் பதிப்பகங்கள் மீண்டும் வெளியிட்டன. ஷோரின் 'அன்காமன் பிளேசஸ்' (1982), கூடுதல் படங்களுடன் 2004-ல் வந்தது. முதலீடாக நினைப்பவருக்குத்தான் முதல் பதிப்பு தேவை. படம் பார்க்க நினைப்பவருக்கு மறுபதிப்பில் குறை எதுவும் இல்லை.

எதை வாங்கினாலும் வெயிலும் ஈரமும் படாமல் வையுங்கள். நிறம் மங்கினாலோ பூஞ்சை பிடித்தாலோ, மதிப்பு திரும்ப வராது.