தமிழவேளும் என் நீல அட்டையும்

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு இருக்கிறது. பட்டச் சான்றிதழ்கள், சம்பளச் சீட்டுகள், திருமணப் பதிவு, ஊரில் வாங்கிய பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். சிங்கப்பூர்க் குடியுரிமைக்கு விண்ணப்பிப்பதற்காகச் சேர்த்தவை. சேர்த்து ஆறு வருடம் ஆகிறது, விண்ணப்பம்தான் போகவில்லை. முதுகலை படிக்க வந்து, வேலை கிடைத்து, நிரந்தரவாசியாகி, மகனும் இங்கேயே பிறந்து உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விட்டான். நான் இன்னும் நீல அட்டைதான்.

"அப்ப நீ நம்ம வீட்டுக்கு வரவே விசா வாங்கணுமாடா?" என்று அம்மா தொலைபேசியில் கேட்டது ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு கோப்பைத் திறக்கவில்லை.

எங்கள் புளோக்குக்குக் கீழே கோப்பிக் கடையில் தினமும் காலை தமிழ் முரசு படிக்கும் பெரியவர் ஒருவர் உண்டு. எழுபத்தைந்தைத் தாண்டியவர், துறைமுகத் தொழிலாளியின் மகன். ஒருநாள் பேச்சு அடையாள அட்டைப் பக்கம் போனது. என் கதையைக் கேட்டுவிட்டு, "தம்பி, எங்கப்பாவும் இதே மாதிரிதான் இழுத்துக்கிட்டு இருந்தாரு. சாரங்கபாணி பேப்பர்ல எழுதி எழுதித்தான் போய்ப் பதிஞ்சாரு" என்றார்.

கோ. சாரங்கபாணி என்ற பெயர் எனக்குத் தெரியாததல்ல. தமிழ் முரசை நிறுவியவர், 'தமிழவேள்' என்று அழைக்கப்பட்டவர் என்ற அளவில் தெரியும். விழா மேடைகளில் படமாக இருப்பவர்களைப் பற்றி நமக்கு அவ்வளவுதானே தெரிந்திருக்கும். அந்தக் காலைக்குப் பிறகு தேசிய நூலக வாரியம் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கும் பழைய முரசு இதழ்களை இரவுகளில் மேய ஆரம்பித்தேன். மென்பொருள் வேலைக்காரனுக்கு இரவில் விழித்திருப்பது புதிதல்ல.

1903இல் திருவாரூரில் பிறந்தவர். 1924இல், 21 வயதில் சிங்கப்பூர் வந்து ஒரு கடையில் கணக்கு எழுதினார். அந்தக் காலத்தில் இங்கே வந்த நம்மவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். சம்பாதித்து ஊருக்கு அனுப்பி, ஒருநாள் தாமும் திரும்பிவிடுவது என்பதுதான் எல்லோருடைய திட்டமும். (என் திட்டமும் அதுதான். ஐந்து வருடம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.) 1929இல் பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வந்துபோனார். சீர்திருத்தச் சிந்தனை இங்குள்ள இளைஞர்களிடம் பற்றிக்கொண்டது. 1932இல் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவானது. அதை முன்னின்று நடத்தியவர்களில் இந்தக் கணக்கரும் ஒருவர். சாதி, கள், சடங்குகளில் உடலை வருத்திக்கொள்வது எல்லாவற்றையும் எதிர்த்தார்கள். தீமிதியும் காவடியும் வேண்டாம் என்றார்கள். அதில் அவர்கள் ஜெயிக்கவில்லை. சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் தீமிதி இன்றும் நடக்கிறது, நானும் போய் நின்று பார்க்கிறேன்.

1935 ஜூலையில் தமிழ் முரசு வார இதழாக வந்தது. விலை ஒரு காசு. ஒரு காசு என்பதில் எவ்வளவோ அடங்கியிருக்கிறது. தோட்டக் கூலியும் துறைமுகக் கூலியும் வாங்க வேண்டும். படிக்கத் தெரிந்த ஒருவன் வாங்கினால் தெரியாத பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். சங்கத்தின் இதழ் சீக்கிரமே சாரங்கபாணியின் பொறுப்புக்கு வந்து நாளிதழும் ஆயிற்று. ஜப்பானியர் ஆட்சியில் நின்றுபோய், போர் முடிந்ததும் மறுபடி எழுந்தது. கூடவே 'ரிஃபார்ம்' என்று ஓர் ஆங்கில மாத இதழ், போருக்குப் பின் 'இந்தியன் டெய்லி மெயில்' என்று ஓர் ஆங்கில நாளிதழ். கணக்கர், ஆசிரியர், அச்சக முதலாளி, மேடைப் பேச்சாளர், சங்க அமைப்பாளர் என எல்லா வேலையும் ஒரே ஆள் செய்திருக்கிறார்.

ஆனால் என்னை நிறுத்திவைத்த செய்தி வேறு. அவர் மனைவி பெயர் லிம் பூன் நியோ. பல தலைமுறைகளாக மலாய் மண்ணில் வாழ்ந்த பெரனாக்கான் சீனர் குடும்பத்துப் பெண். ஊருக்குப் போய்ப் பெண் பார்த்துத் தாலி கட்டிவிட்டு, மனைவியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்புவது சாதாரணமாக இருந்த காலத்தில், தமிழ் தமிழ் என்று மூச்சுவிட்ட மனிதர் இங்கேயே, இந்த மண்ணின் பெண்ணோடு குடும்பம் வைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். சாதியை ஒழிக்கச் சொல்லி எழுதியவர்கள் நிறையப் பேர் உண்டு. எழுதியதைத் தன் சமையலறை வரை கொண்டுபோனவர்கள் கொஞ்சம் பேர்தான். தமிழ் முரசின் ஆசிரியர் வீட்டிலேயே தமிழ் தாய்மொழி அல்லாத ஒருவர் குடும்பத் தலைவி என்பதை, தமிழைக் காப்பாற்ற வீட்டுக் கதவை இறுகச் சாத்தவேண்டும் என்று நினைக்கும் நாம் கொஞ்சம் யோசிக்கலாம்.

அதே மனிதர்தான் 1952இல் பொங்கலை ஒட்டித் தமிழர் திருநாளைத் தொடங்கினார். இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று பிரியாமல், மொழியால் மட்டும் கூடும் ஒரு நாள். நாளிதழில் மாணவர்களுக்கென்று 'மாணவர் மணிமன்ற மலர்' ஒதுக்கினார். பின்னால் பெயர்பெற்ற சிங்கப்பூர் எழுத்தாளர்கள் பலர் அந்தப் பக்கத்தில்தான் முதலில் எழுதிப் பழகினார்கள். அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை அமையவிருந்தபோது, அதில் முதன்மை சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற பிரச்சினை கிளம்பியது. முரசு தமிழுக்காக விடாமல் எழுதியது. 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டித் துறைக்குத் தமிழ் நூலகம் அமைக்க உதவியது. கூலி வேலை செய்தவர்களும் கொடுத்த காசு அது. பல்கலைக்கழகத்தின் வாசலைக்கூட மிதிக்காதவர்கள், யாரோ ஒருவர் பிள்ளை படிக்கட்டும் என்று கொடுத்தது. துறை பிற்பாடு கோலாலம்பூருக்குப் போய், இன்றும் அங்கே இருக்கிறது.

இனி என் கோப்பு விஷயம். 1957இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. வெளியில் பிறந்தவர்களும் பதிவு செய்துகொள்ளலாம். நம்மவர்கள் தயங்கினார்கள். மனைவி மக்கள் ஊரில். பதிந்துவிட்டால் திரும்ப முடியாதோ, நிலத்தில் பங்கு போய்விடுமோ என்ற பயம். படிப்பறிவில்லாதவர்களுக்குப் படிவமே ஒரு பயம். சாரங்கபாணி பத்திரிகையில் ஓயாமல் வலியுறுத்தினார். பத்திரிகை அலுவலகத்துக்கு வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்க ஏற்பாடு செய்தார். தமிழை விடாதே என்று சொன்ன அதே வாய், இதை உன் நாடாக எடுத்துக்கொள் என்றும் சொன்னது. அவருக்கு இரண்டும் முரணாகத் தோன்றவில்லை.

அன்று பதியாதவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது பத்தே வருடத்தில் தெரிந்தது. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் மற்ற தளங்களிலும் வேலை செய்த இந்தியர்களில் குடியுரிமை இல்லாதவர்கள் பலர் வேலையிழந்து, கிடைத்த பணத்தோடு கப்பலேறினார்கள். இருபது, முப்பது வருடம் உழைத்த ஊரை விட்டு, தங்களை மறந்துபோன ஊருக்கு.

சாரங்கபாணிக்கும் சங்கடங்கள் உண்டு. தொழிலாளருக்காகப் பேசிய முரசு, 1960களின் முற்பகுதியில் தன் தொழிலாளரின் வேலைநிறுத்தத்தாலேயே வெளிவராமல் நின்றது. அதை மறைத்து அவரைச் சிலையாக்க வேண்டியதில்லை. மறுபடி தொடங்கி, 1974 மார்ச்சில் இறக்கும்வரை அந்தப் பத்திரிகையோடுதான் இருந்தார். அதற்குப் பின் குடும்பத்தார் நடத்தினார்கள்; 1990களில் அது சிங்கப்பூர் பிரஸ் ஹோல்டிங்ஸிடம் போனது.

இதையெல்லாம் படித்தபிறகு கோப்பிக் கடைப் பெரியவரிடம் உட்கார்ந்து கேட்டேன். "அப்பா வருத்தப்பட்டாரா, ஐயா?"

அவர் பத்திரிகையை மடித்து வைத்தார். "வருத்தம் இல்லாம இருக்குமா? ஊர்ல அவங்கம்மா செத்தப்ப போக முடியல. ஆனா அது கையில காசு இல்லாததால. அட்டையால இல்ல." பிறகு தன் பணப்பையிலிருந்து அப்பாவின் பழைய படம் ஒன்றை எடுத்துக் காட்டினார். "பதியிற அன்னிக்குக் கைநாட்டுதான் வச்சாரு. வீட்டுக்கு வந்து பெருவிரல் மையக் கழுவாம ராத்திரிவரைக்கும் வச்சிருந்தாரு."

அன்றிரவு அம்மாவுக்குப் போன் செய்தேன். சாரங்கபாணி திருவாரூர்க்காரர் என்றதும், "நம்ம பக்கத்து ஆளுதான்" என்றாள். அந்தச் சீனத்து மருமகள் விஷயத்தைச் சொன்னபோது வெகுநேரம் சிரித்தாள். விசா பற்றி நானாக எடுத்தேன். "வாங்கிட்டு வா. வராம இருந்தாத்தான் கோவம்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

போன வாரம் கோப்பை வெளியே எடுத்தேன். பிறப்புச் சான்றிதழில் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்து தவறாக இருக்கிறது. இத்தனை வருடம் கவனிக்கவே இல்லை. அதைத் திருத்துவதற்கு நான் ஊருக்குத்தான் போகவேண்டும்.