உறக்கம் நினைவைக் காக்கிறதா?

தேர்வு நெருங்கிவிட்டால் மாணவர்கள் முதலில் குறைத்துக்கொள்வது உறக்கத்தைத்தான். உறங்கும் நேரம் வீணாகும் நேரம் என்பது அவர்களுடைய கணக்கு. இக்கணக்கு சரிதானா? அறிவியல் வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

நினைவாற்றலைச் சோதனைமுறையில் அளந்து வழிகாட்டியவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்காஸ். பொருளுள்ள சொற்களை மனப்பாடம் செய்தால் பழைய அறிவு துணைக்கு வந்துவிடும் அல்லவா? ஆகவே அவர் பொருளற்ற அசைகளைத் தாமே அமைத்து, தம்மையே சோதித்துக்கொண்டார். சில மணியோ சில நாளோ கழித்து அதே பட்டியலை மீண்டும் மனப்பாடம் செய்யும்போது எவ்வளவு உழைப்பு மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். முடிவுகள் 1885-இல் நூலாக வெளிவந்தன.

மிச்சம் ஒரு மணி நேரத்தில் 44 விழுக்காடாகவும், ஏறத்தாழ 9 மணி நேரத்தில் 36 விழுக்காடாகவும், ஒரு நாளில் 34 விழுக்காடாகவும், இரண்டு நாளில் 28 விழுக்காடாகவும் குறைந்தது. இவ்வெண்களை உற்று நோக்குங்கள். 9 மணிக்கும் 24 மணிக்கும் இடைப்பட்ட 15 மணி நேரத்தில் இழப்பு 2 விழுக்காடுதான். அடுத்த 24 மணி நேரத்திலோ 6 விழுக்காடு! காலம் செல்லச் செல்ல மறதியின் வேகம் குறைய வேண்டும், இங்கே கூடியிருக்கிறது. முதல் இடைவெளியில் ஏறக்குறையப் பாதி உறக்கத்தில் கழிந்திருக்கும். இரண்டாவதில் மூன்றில் ஒரு பங்கே. உறக்கம் காரணமாக இருக்கலாமோ என்று எபிங்காஸும் எண்ணிப் பார்த்தார். ஆயினும் அது போதிய விளக்கமன்று எனக் கருதி, தற்செயலான பிழை என்று ஒதுக்கிவிட்டார்.

1900-இல் கோட்டிங்கன் நகரில் முல்லர், பில்ஸெக்கர் என்ற இருவர் வேறொன்றைக் கண்டனர். ஒரு பட்டியலைப் படித்தவுடன் மற்றொன்றைப் படித்தால் முன்னது மறக்கிறது. இடையே சில நிமிடங்கள் ஓய்வு கொடுத்தால் மேலும் நன்றாக நிலைக்கிறது. பூசிய சிமென்ட் இறுக நேரம் வேண்டுவதுபோல, புதிய நினைவு உறுதிப்படவும் நேரம் வேண்டும் என்பது இதனால் புலனாயிற்று.

உறக்கத்தை நேரடியாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜென்கின்ஸும் டாலன்பாக்கும் ஆவர். 1924-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் பங்கேற்றவர்கள் இரண்டே மாணவர்கள். பத்து அசைகளைப் படித்துவிட்டு 8 மணி நேரம் உறங்கியபின் சராசரியாக ஐந்துக்கு மேல் நினைவிலிருந்தன. அதே நேரம் விழித்திருந்தபோது ஒன்றுதான் எஞ்சியது! விழித்திருக்கையில் புதிய அனுபவங்கள் பழையவற்றை மறைக்கின்றன. உறக்கம் அவற்றைத் தடுக்கிறது என்று அவர்கள் விளக்கினர்.

உறக்கம் வெறும் தடுப்புச் சுவர்தானா? 1994-இல் வில்சன், மெக்நாட்டன் ஆகியோர் எலிகளின் மூளையில் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியை ஆராய்ந்தனர். எலி நடமாடியபோது சேர்ந்து இயங்கிய நரம்பணுக்கள், அது உறங்கியபோதும் சேர்ந்து இயங்கின. உறக்கத்தில் மூளை பாடத்தைத் திருப்பிப் பார்க்கிறது போலும்!

குறுகிய ஓய்விலும் இது நிகழ்கிறது. 2021-இல் அமெரிக்க ஆய்வாளர்கள், விரல்களால் எண்வரிசையைத் தட்டிப் பழகுவோரின் மூளையில் எழும் மெல்லிய காந்தப் புலத்தை அளந்தனர். பயிற்சிக்கு இடையே விட்ட 10 விநாடி ஓய்வில், மூளை அவ்வரிசையை ஏறத்தாழ 20 மடங்கு வேகத்தில் மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்த்தது தெரியவந்தது.

மாணவ நண்பர்களே, படிக்காத பாடத்தை உறக்கம் கற்றுத் தராது. ஆனால் படித்த பாடத்தைக் காத்துத் தரும். தேர்வுக்கு முந்திய இரவு விளக்கை அணைக்கத் தயங்காதீர்கள். நீங்கள் ஓய்ந்தாலும் உங்கள் மூளை ஓய்வதில்லை.