செல்டன் உரிமைப் பத்திரம்: ஒரு மோட்டார் வழக்கின் வரலாறு

நிலத்துக்கு இடும் வேலியைக் கண்ணாற் காணலாம். அறிவினாற் பிறந்த பொருளுக்கு இடும் வேலியோ சொற்களால் ஆனது. அச்சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பதை இறுதியில் நீதிமன்றமே அளந்து கூறல் வேண்டும். அங்ஙனம் அளப்பித்தற்குப் பொருளும் வேண்டும், பொறுமையும் வேண்டும். பெரிய கம்பனிகளிடம் இவ்விரண்டும் உண்டு. சிறிய பட்டறைக்காரரிடம் பெரும்பாலும் இரா. ஆதலின், வேலி உண்மையில் எங்கே நிற்கின்றது என்பதைப் பாராமலே, அது நிற்பதாகச் சொல்லப்படும் இடத்துக்கு வெளியே சிறியவர் ஒதுங்கிவிடுகின்றனர். இவ்வுண்மையை விளக்குதற்கு அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1903 முதல் 1911 வரை நடந்த செல்டன் வழக்கினும் சிறந்த சான்று அரிது. நேயர்களே, அவ்வழக்கின் கதையையே இன்று கூற எடுத்துக்கொண்டேன்.

புதிய கருவியொன்றைக் கண்டுபிடித்தவன் அதன் மறையை உலகறிய எழுதி வைப்பானாயின், அரசு குறித்த சில ஆண்டுகளுக்கு அக்கருவியை ஆக்கும் தனியுரிமையை அவனுக்கு அளிக்கும். இதனையே ஆக்கவுரிமை என்கின்றோம். எளியவன் ஒருவனின் மூளையுழைப்பை வலியவன் கவராது காத்தலே இதன் நோக்கம். அமெரிக்காவில் அந்நாளில் இவ்வுரிமை 17 ஆண்டுகள் நீடித்தது. அந்தப் 17 ஆண்டுகள் விண்ணப்பம் செய்த நாளிலிருந்து எண்ணப்படவில்லை. பத்திரம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே எண்ணப்பட்டன. இக்குறிப்பை நேயர்கள் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

நியூயோர்க் மாநிலத்து ரொச்செஸ்ரர் நகரில் ஜோர்ஜ் செல்டன் என்னும் சட்டத்தரணி ஒருவர் இருந்தார். ஆக்கவுரிமை விடயங்களே அவர் தொழில். இயந்திரங்களிலும் அவருக்கு ஆர்வம் மிகுதி. 1876இல் பிலடெல்பியா நகரத்துப் பொருட்காட்சியில் பிறேற்றன் என்பவர் ஆக்கிய எண்ணெய் எஞ்சினைக் கண்டார். அதனைச் சிறிதாக்கி வண்டியிற் பூட்டினால் குதிரையின்றியே தெருவில் ஓடலாம் என்று எண்ணினார். எஞ்சினொன்றை அமைத்துப் பார்த்தபின், 1879 மே 8ஆந் திகதி தம் வண்டிக்கு உரிமை வேண்டி விண்ணப்பித்தார். ஆனால், வண்டியை அவர் கட்டவில்லை. விண்ணப்பத்தில் திருத்தங்கள் செய்து செய்து, சட்டம் இடந்தந்த எல்லைவரை காலத்தை நீட்டினார். பதினாறு ஆண்டுகள் கழிந்தன. 1895 நவம்பர் 5ஆந் திகதியே 549,160 என்னும் இலக்கமுடைய பத்திரம் அவர் கைக்கு வந்தது. அதற்குள் ஜெர்மனியில் பென்ஸ் முதலியோர் மோட்டார் வண்டிகளை ஓட்டிக் காட்டிவிட்டனர். அமெரிக்காவிலும் பலர் தத்தம் பட்டறைகளில் வண்டி கட்டத் தலைப்பட்டனர். அவர்களுள் எவரும் செல்டனிடமிருந்து கற்றவரல்லர். எனினும் பத்திரத்தின் சொற்களை விரித்துப் பொருள் கொண்டால் அவர்கள் அனைவரும் அதன் வேலிக்குள் அகப்பட்டனர்.

செல்டன் தனி மனிதர். வழக்காடும் செல்வம் அவரிடம் இல்லை. 1899இல் மின்சார வண்டிகளை ஆக்கிவந்த பெரிய கம்பனியொன்று அவ்வுரிமையைத் தன்வசமாக்கிக்கொண்டது. அன்றுமுதல் அப்பத்திரம் ஆயுதமாயிற்று. அடுத்த ஆண்டே கிளீவ்லாந்து நகரத்து விண்ரன் கம்பனிமீது வழக்குத் தொடரப்பட்டது. 1903இல் முதன்மையான உற்பத்தியாளர் சிலர் வழக்காடுவதினும் உடன்படுவதே இலாபமெனக் கண்டு, அனுமதி பெற்ற மோட்டார் வண்டி உற்பத்தியாளர் சங்கம் என ஒரு சங்கத்தை அமைத்தனர். விற்கும் ஒவ்வொரு வண்டிக்கும் விலையில் நூற்றுக்கு 1.25 பங்கு உரிமைக் கட்டணம் என்று வகுக்கப்பட்டது. அப்பணத்தில் ஐந்தில் ஒரு பங்கு செல்டனுக்குச் சென்றது; எஞ்சியதைக் கம்பனியும் சங்கமும் பகிர்ந்துகொண்டன.

கட்டணம் சிறிதே; அதனைச் செலுத்தி எவரும் தொழில் செய்யலாமே என்று சிலர் கருதலாம். கட்டணத்தினும் பெரியது வேறொன்று இருந்தது. யாருக்கு அனுமதி அளிப்பது, யாருக்கு மறுப்பது என்பதைச் சங்கமே தீர்மானித்தது. சந்தையில் முன்னர் நுழைந்தவர், பின்னர் வருபவரின் முகத்துக்கு நேரே கதவை அடைக்கும் வலிமையை அப்பத்திரம் தந்தது.

அக்கதவைத் தட்டியவர்களுள் ஒருவர் டிற்றொயிற் நகரத்து ஹென்றி போர்ட். பிற்காலத்தில் உலகறிந்த செல்வரான அவர், 1903 யூனில் பங்காளர் பன்னிருவருள் ஒருவராய், 28,000 டொலர் ரொக்கத்தோடு கம்பனி தொடங்கிய சிறிய உற்பத்தியாளரே. எஞ்சினைக்கூட டொட்ஜ் சகோதரரின் பட்டறையில் வாங்கியே பூட்டினார். இவர் உறுப்புகளைக் கூட்டிச் சேர்ப்பவரேயன்றி உற்பத்தியாளரல்லர் எனச் சங்கத்தார் கருதினர்; உடன்பாடு ஏற்படவில்லை. விரைவில் பத்திரிகைகளில் எச்சரிக்கை விளம்பரங்கள் வெளிவந்தன. அனுமதியற்ற வண்டியை ஆக்குபவர் மட்டுமல்லர், விற்பவரும் வாங்குபவருங்கூட வழக்குக்கு ஆளாவர் என்று அவை கூறின. இவ்வகை எச்சரிக்கையே சிறியவரை வீழ்த்தும் கூரிய படை. தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை; வாங்குபவர் மனத்தில் ஐயம் விழுந்தாற் போதும். போர்ட் தாமும் விளம்பரம் வெளியிட்டு, தம் வண்டியை விற்பவரையும் வாங்குபவரையும் காப்பதாக உறுதி கூறினார். 1903 ஒக்டோபரில் நியூயோர்க்கில் வழக்குத் தொடங்கியது. போர்ட்டின் வண்டியை அந்நகரில் விற்ற முகவரும் பிரதிவாதியாக்கப்பட்டார்.

சாட்சியம் ஆண்டாண்டாய் நீண்டு பல்லாயிரம் பக்கங்களை நிரப்பியது. செல்டனின் வரைபடத்தைப் பின்பற்றி இரு வண்டிகளை வாதிகள் இப்போதுதான் கட்டினர். அவை மிகுந்த முயற்சியோடு சிறிது தூரம் ஓடின, அடிக்கடி நின்றன. இதற்கு மாறாக, செல்டனுக்கு முற்பட்ட லெனுவாரின் எஞ்சினைக்கொண்டே வண்டி ஓட்டலாம் எனக் காட்ட, போர்ட் தரப்பினர் வேறொரு வண்டியைக் கட்டினர்.

1909 செப்ரெம்பர் 15ஆந் திகதி நீதிபதி ஹஃப் செல்டன் தரப்புக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். உடனே எதிர்த்து நின்றோர் பலர் பணிந்தனர். ஜெனரல் மோட்டோர்ஸ் கம்பனியும் கட்டணஞ் செலுத்த இணங்கியது. போர்ட் மேன்முறையீடு செய்தார். தம் வண்டியை வாங்குவோருக்கு வேண்டுமாயின் பிணைப் பத்திரம் தருவதாகவும் அறிவித்தார். அதனைக் கேட்டுப் பெற்றவர் ஏறக்குறைய ஐம்பது பேரே என 1922இல் வெளிவந்த தம் நூலில் அவர் குறிப்பிடுகின்றார்.

1911 சனவரி 9ஆந் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் முடிவு கூறியது. பத்திரம் செல்லுபடியாகும், ஆனால் அது பிறேற்றன் வகை எஞ்சின் பூட்டிய வண்டிக்கே செல்லும் என்றது. போர்ட்டும் ஏனையோரும் கையாண்டது, சிலிண்டருக்குள்ளேயே வாயுவை அழுத்தி எரிக்கும் ஒற்றோ வகை எஞ்சின். ஆகவே அவர்கள் எவருடைய உரிமையையும் மீறவில்லை. வேலி இருந்தது உண்மை. ஆனால் அது சுற்றி நின்றது எவரும் உழாத ஒரு சிறு துண்டு நிலத்தையே.

அத்தீர்ப்பு வந்தபோது பத்திரத்தின் ஆயுள் இரண்டாண்டும் எஞ்சியிருக்கவில்லை. 1912 நவம்பரில் அது தானாகவே முடிந்திருக்கும். பிழையாக அளக்கப்பட்ட உரிமை பத்து ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பெருங் கைத்தொழிலின் வாயிலில் நின்று சுங்கம் கேட்டது. அதனை எதிர்த்து நின்று வென்றவரும், வழக்கு நடந்த காலத்திலேயே பெருஞ் செல்வரானவர். 1908இல் வெளிவந்த அவருடைய ‘ரீ’ மாதிரி வண்டி பல்லாயிரக்கணக்கில் விற்பனையாகாதிருப்பின், எட்டாண்டு வழக்கை ஒரு சிறு பட்டறை தாங்கியிருக்குமா என்பது ஐயமே.

இவ்வனுபவத்தின் பின், 1915இல் அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர் பலர் தம் ஆக்கவுரிமைகளைத் தமக்குள் கட்டணமின்றிப் பயன்படுத்தும் உடன்படிக்கையொன்றைச் செய்துகொண்டனர். வழக்குகளாற் கற்ற பாடத்தின் பயன் அது.

புலமைச் சொத்து என்பது காக்கத் தக்கதே. அஃதின்றேல் செல்டனைப் போன்ற தனி மனிதரின் சிந்தனைக்கு மதிப்பேது? ஆயினும் ஓர் உரிமையின் அளவு அதன் உடையவன் உண்மையில் உலகுக்கு அளித்த அளவே ஆதல் வேண்டும். அவ்வளவை விரைவாகவும், எளியவரும் தாங்கத்தக்க செலவிலும் அறிந்து கூறும் நீதிமுறை இல்லாத நாட்டில், சட்டம் யாரைக் காக்கப் பிறந்ததோ அவரையே அச்சுறுத்தும். பெரியவர் அனுப்பும் எச்சரிக்கைக் கடிதம் சிறு தொழிலாளி ஒருவரின் கைக்கு வரும்போது, அதிலுள்ள இலக்கத்தையும் முத்திரையையும் கண்டு அஞ்சுமுன், அந்தப் பத்திரம் உண்மையில் எதற்கு உரிமை கோருகின்றது என்பதைச் சொல் சொல்லாக வாசித்தறிதல் நன்று. நியூயோர்க் நீதிபதிகள் 1911இல் செய்ததும் அதுவே.