வாய்க்காலின் மேட்டுப்புறம்: வன்னியில் பொறியியல் அறமும் குடிபெயர் தொழிலாளரும்

பொறியியல் அறம் பற்றிப் பேசுவோர் அதனை அணையின் உறுதி, கணக்கின் நேர்மை ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். பிறநாட்டிலிருந்து வந்த தொழிலாளர் எவ்வாறு நடத்தப்பட்டனர் என்னும் வினா சட்டத்துக்கோ அரசியலுக்கோ உரியதென ஒதுக்கப்பட்டுவிடுகின்றது. இப்பிரிப்பு எத்துணைப் பொருத்தமானது என்பதை வன்னிப் பெருநிலப்பரப்பின் வரலாறு கொண்டு நோக்குவது பயனுடையது.

கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் அமைக்கும் திட்டத்தை 1885இல் வகுத்தவராக நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர் குறிப்பிடப்படுகின்றார். 1902இல் தொடங்கிய இரணைமடு வேலை முடிய ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஆயின. இதனிடையே, 1905இல் வன்னிக் காட்டினூடே வடபகுதிப் புகையிரதப் பாதையும் நிறைவுற்றது. பாக்கரின் பெயர் நூல்களில் நிலைத்துள்ளது. மண் வெட்டிச் சுமந்தோரோ 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கிப்போயினர். குடியேற்ற நாட்டு ஆட்சியில் உழைப்பானது செலவுக் கணக்கின் ஓர் இனமாக மட்டுமே கருதப்பட்டமையின் விளைவே இது எனலாம்.

குளம் நீரைத் தேக்கியது. அந்நீர் எவருடைய நிலத்துக்குப் பாயவேண்டும் என்பதைக் காணிக் கொள்கை தீர்மானித்தது. 1930களிலிருந்து கிளிநொச்சியில் உருவான குடியேற்றங்களில் யாழ்ப்பாணக் குடாநாட்டினர் பெருமளவிற் காணி பெற்றனர். அவர்களது வயல்களில் உழைக்கும் கைகளாகப் பின்னர் வந்து சேர்ந்தோரே மலையகத் தமிழர்.

தென்னிந்தியாவிலிருந்து கோப்பி, தேயிலைத் தோட்டங்களுக்குக் கொணரப்பட்டோரின் சந்ததியினரான இவர்களின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரை இரு அரசுகளுக்கிடையே பங்கிடப்படும் தொகையாக்கியது. 1970களின் பஞ்சமும் தோட்டங்கள் அரசுடைமையானபோது நேர்ந்த இடப்பெயர்வும், 1958, 1977 ஆண்டுகளின் இனவன்முறையும் அவர்களை வன்னி நோக்கித் தள்ளின. பிறந்த நாட்டிலேயே அந்நியராக்கப்பட்டவர்கள் இரண்டாம் முறையும் குடிபெயர்ந்தனர்.

இங்கு அவர்களுக்குக் கிடைத்தவை பெரும்பாலும் வாய்க்காலின் எல்லைக்கு வெளியேயுள்ள மேட்டுக் காணிகள். நீர் தாழ்ந்த நிலம் நோக்கியே பாயும் என்பது இயற்கை விதி. ஆயின், வாய்க்கால் செல்லும் வழியையும் அதன் கீழுள்ள காணி யாருக்கு என்பதையும் வகுத்தது இயற்கையன்று. மேட்டிலே குடியிருந்து பள்ளத்து வயலில் நாட்கூலிக்கு உழைப்பது என்ற உற்பத்தி உறவு, நிலமட்ட வரைபடத்தின் மறைவில் 'தொழில்நுட்பத் தேவை'யாகத் தோற்றமளித்தது. இவ்வுறவில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே மொழி பேசினர் என்பது மனங்கொள்ளத்தக்கது. மொழியுணர்வு மட்டுமே வர்க்க முரண்பாட்டைக் கரைத்துவிடாது. இதனை ஏற்க நமது அறிவுலகம் நெடுங்காலம் தயங்கியதையும் நாம் ஒளிக்கலாகாது.

தொழில் அறிவை வேறுவிதமாகப் பயன்படுத்தியோரும் இருந்தனர். 1970களின் பிற்பகுதியில் வவுனியாவில் இயங்கிய காந்தீயம் அமைப்பின் தலைவர் சோ. அ. டேவிட் ஒரு கட்டடக் கலைஞர். அவருடன் பணியாற்றிய இராஜசுந்தரம் ஒரு மருத்துவர். இடம்பெயர்ந்த மலையக மக்களைக் குடியமர்த்தும் பணியில் ஈடுபட்ட இருவரும் 1983 ஏப்ரலிற் கைதாயினர். இராஜசுந்தரம் அவ்வாண்டு ஜூலை 27இல் வெலிக்கடைச் சிறையிற் கொல்லப்பட்டார். டொலர், கென்ற் பண்ணைகளில் வாழ்ந்த மலையகக் குடும்பங்கள் 1984இல் வெளியேற்றப்பட்டன. காந்தீயத்தின் அணுகுமுறையில் விமரிசிக்கத்தக்கன இருக்கலாம். எனினும், 'யாருக்காகக் கட்டுகிறோம்' என்ற வினாவைத் தொழிலின் உள்ளேயே எழுப்பியமை அதன் பெறுமதியாகும்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியோருக்குக் குடியுரிமை வழங்கியது. ஆயினும், குடியுரிமைப் பத்திரம் தன்னளவில் வயலுக்கு நீர் கொண்டுவருவதில்லை. இன்று இலங்கைத் தொழிலாளர் பலர் வளைகுடா நாடுகளின் கட்டடத் தளங்களிற் கடவுச்சீட்டைப் பறிகொடுத்து உழைக்கின்றமை கண்டு நாம் சினங்கொள்கிறோம். அச்சினம் நியாயமானதே. அது நேர்மையானதாகவும் இருக்கவேண்டுமாயின், நமது வாய்க்காலின் மேட்டுப்புறத்தையும் அது நோக்குதல் வேண்டும். அணை உடையாதிருப்பது பொறியியலின் முதற் கடமை. அதன் நீரில் உழைத்தவருக்கும் உரிய பங்குண்டா எனக் கேட்பது அதன் அறம்.