பல கண்கள் கண்ட ஒரு நாள்

ஏவி.எம். நிறுவனத்தார் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட படம் ‘அந்த நாள்’. இயக்கியவர் வீணை வித்துவான் எஸ். பாலசந்தர். பாட்டில்லாத படமே இல்லை என்றிருந்த அக்காலத்தில், இதில் ஒரு பாட்டும் கிடையாது. கதாநாயகனாக நடித்த சிவாஜி கணேசனோ தொடக்கத்திலேயே சுடப்பட்டு மாள்கிறார்!

1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் சென்னையின்மீது குண்டு வீசியது சரித்திரம். அதனை ஒட்டிப் பின்னிய கற்பனையே இக்கதை. மாண்டவன் ராஜன், வானொலிப் பொறியாளன். கொன்றவர் யார்? துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். அடுத்த வீட்டார், தம்பி, தம்பியின் மனைவி எனப் பலரும் சாட்சி கூறுகின்றனர். ஒருவர் விரல் மற்றொருவரைச் சுட்டுகிறது. ஒவ்வொருவர் சொல்லிலும் ராஜன் வேறொரு மனிதனாகத் தோன்றுகிறான். கண்டதோடு தத்தம் மனக்கசப்பையும் அவர்கள் கலந்து சொல்வதே காரணம். ஜப்பானில் அகிரா குரோசாவா 1950இல் எடுத்த ‘ரஷோமான்’ படமும் இத்தகையதே. ஆயினும் அது உண்மையை முடிவுகட்டாமல் விடுகிறது. ‘அந்த நாள்’ விடை கூறுகிறது. அவ்விடையை நான் சொல்லேன், நீங்களே கண்டறிக.

இந்த உத்தி நமக்குப் புதிதன்று. எங்கள் திருப்பருத்திக்குன்றம் சினகாஞ்சி எனப் புகழ்பெற்ற சமண ஊர். பொருள் ஒன்றாயினும் அதற்கு முகங்கள் பல. ஒரு முகம் கண்டவன் முழுவதும் கண்டதாகக் கூறலாகாது என்பது சமணரின் அநேகாந்தக் கொள்கை. எல்லாச் சொல்லும் ஒருங்கே மெய் என்பதன்று அதன் பொருள். எந்த நிலையில் நின்று சொல்லப்பட்டது என ஆராய்க என்பதே.

சரித்திரத்திலும் இத்தகைய வழக்குகள் உண்டு. இரண்டாம் புலிகேசி பல்லவ மன்னனைக் காஞ்சி மதிலுக்குள் ஒளியச் செய்தான் என்கிறது 634ஆம் ஆண்டின் அய்கொளெ கல்வெட்டு. மகேந்திரவர்மன் புள்ளலூரில் பகைவரை வென்றான் என்கிறது பல்லவரின் காசாக்குடிச் செப்பேடு. இரண்டும் சாட்சிகளே, ஒன்று சாளுக்கியர் வாய்மொழி, மற்றொன்று பல்லவர் வாய்மொழி. ஒன்றை மட்டும் படித்தவன் பாதிச் சரித்திரமே அறிவான்.

ஆதலின், ஒரு செய்தியைக் கேட்டதும் மூன்று வினா எழுப்புங்கள்: சொல்பவர் எங்கே நின்றார்? அவர் கண்டது எவ்வளவு? அவ்வாறு சொல்வதால் அவருக்கு ஆவது என்ன? இவற்றைக் கேளாமல் ஒருவன்மீது பழி சுமத்துவது எளிது. சுமத்திய பழியைத் துடைப்பதோ மிகமிக அரிது.